குருட்டு வட்டம்

பெட்டியை வெட்டியதும் எமில்தாஸ் சொன்னான்:
‘இது சோத்துப்பானை மூடியெல்லோ.’
ஆறு கிலோ. வெள்ளை.
உள்ளே ஏதோ சுற்றுமாம்,
சுற்றுவது வெளியே தெரியாதாம்.

கள்ளப்பாட்டு மணலில்
படகு ஒரு பக்கம் சரிந்து கிடந்தது.
நான் கூரைகளுக்குச் சோலர் பூட்டுகிறவள்,
புதுக்குடியிருப்பில் கடை.
கடலில் ஏறினால் எனக்குச் சத்தி வரும்.
வயர் எங்கேயும் வயர்தானே என்று வந்துவிட்டேன்.

முதலில் குழாய்.
உயரம் கூடினால் படகு ஆடும்,
குறைந்தால் கதிர் ஆளைத் தடவும்.
யூட் எழும்பி நின்று கையைத் தூக்கினான்,
அவன் விரல் நுனிக்கு மேலே
கரிக்கட்டியால் ஒரு கோடு.

ஓடும்போது அணியம் எழும்பும்,
அப்போது இந்தக் கண்
நட்சத்திரம் எண்ணிக்கொண்டிருக்கும்.
அதனால் பின்பக்கம் உயர்த்த நான்கு பாகையில் ஓர் ஆப்பு.
பாலை மரம்.
கில்டா மூன்று தரம் சீவிக்கொண்டுவந்தாள்,
மூன்றாம் தரம் என்னைக் கேட்காமலே சரி என்றாள்.
சரியாகத்தான் இருந்தது.

கேபிளை வெட்டக் கூடாது.
மிஞ்சிய ஆறு மீற்றரைப்
பலகைக்கடியில் சுருட்டிக் கட்டினோம்,
திசைகாட்டிக்கு இரண்டு முழம் தள்ளி.
துளையின் வாய் கீழே பார்க்க வேண்டும்.
சுற்றிவரச் சிலிக்கன்.
உப்பு எப்படியும் வரும்,
கொஞ்சம் பிந்தி வரட்டும்.

தையில் மட்டும் பதினாலு வலை போனது.
றோலர்கள் விளக்கணைத்து வருகின்றன,
விடிய மிதவைகள் மட்டும் கரைக்கு வருகின்றன.
கில்டாவின் சங்கிலி அடகில் இருக்கிறது,
அதுதான் இப்போது குழாயின் உச்சியில் இருக்கிறது.

பற்றரிக்கு முன்னால் குந்தியிருந்து
கூட வந்த தாளை வாசித்தேன்.
பைபர் சரியாகத் தெரியாது.
மரம் அரைகுறை.
மனித உடம்பு தெரியலாம்,
அதில் தண்ணீர் இருப்பதால்.

இதே கரையில், அந்தப் பங்குனியில்,
இருட்டுக்குள் ஒருவர் சொன்னார்:
பைபர் ராடரில் விழாது,
இரும்பு மட்டும் கொண்டுவராதேங்கோ.
அக்கா காப்பைக் கழற்றினாள்.
யாரோ சைக்கிள் திறப்பை மணலில் போட்டார்கள்.
ஒன்பது பேர்.
சத்தி எடுத்தால் சத்தம் கேட்கும் என்று
என்னை அடுத்த வள்ளத்துக்கு விட்டார்கள்.
அடுத்த வள்ளம் வரவில்லை.

ஒன்பது பேரிலும் தண்ணீர் இருந்தது.

பியூஸ் ஐந்து அம்பியர்.
போட்டேன்.

பின்னேரம் படகைத் தள்ளி இறக்கினோம்.
நான் முழங்கால் தண்ணீரில் நின்று
விளிம்பால் எட்டித் திரையைப் பார்த்தேன்.
கரை வந்தது, மஞ்சளாய், பிய்ந்த பாய்போல.
முகாமின் கோபுரம் தடித்து விழுந்தது.
அதன் கண்ணில் நாங்களும்
இப்போது விழுந்திருப்போம்.
நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு.
தனக்கு மிகக் கிட்ட இருப்பது
இதற்குத் தெரியாதாம்.
ஆரைத்தான் சொல்கிறது, என்றாள் கில்டா.
எமில் சிரிக்கவில்லை.

அலையை அழிக்க ஒரு திருகி உண்டு.
கூடத் திருகினால்
அலையோடு சேர்ந்து சின்னப் படகும் அழியும்.
திருகினேன். விட்டேன். கொஞ்சம் திருகினேன்.

யூட் தன் வள்ளத்தில் வெளியே போனான்.
நூறு மீற்றர். இருநூறு.
திரையில் அவன் இல்லை.
கண்ணால் பார்த்தால் இருக்கிறான்,
துடுப்பை ஆட்டுகிறான்.
கில்டா வாய்க்குக் கை குவித்துக் கத்தினாள்:
‘சட்டியைத் தூக்கடா!’
கறி கொண்டுபோன அலுமினியச் சட்டியைத்
தலைக்கு மேலே பிடித்தான்.

ஒரு புள்ளி.
அரிசிக் குறுணி அளவு.
மறைந்தது. திரும்ப வந்தது.

‘தெரியுது’ என்று கத்தினேன்.
அந்தக் கரையில் அப்படிக் கத்தி எனக்குப் பழக்கமில்லை,
குரல் உடைந்து நாய் ஒன்று திரும்பிப் பார்த்தது.
‘தெரியுது, யூட்! பிடிச்சுக்கொண்டே நில்!’

கை நோகும் வரைக்கும் நின்றான் பாவி.

இரவு கடையில் பையைக் கொட்டினேன்.
ஒரு நட்டு மிச்சம்.
எட்டு மில்லி, துருவேறாத வகை.
எதனுடையது என்று
இன்னும் தெரியவில்லை.